கிடங்கில் ஒரு மேனேஜர்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'சூப்பர்' என்பாய், அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கிறவரை உன்னால் வாயைத் திறக்க முடியாது.

விஷயம் இதுதான். கிடங்கில் எலித் தொல்லை தலைக்கு மேல் போய்விட்டது. பின்பக்கம் இருந்த புதர்க்காட்டை வீட்டுமனை போடுவதற்காக மொட்டையடித்தார்கள். அங்கே இருந்த எலிகளெல்லாம் பெட்டி படுக்கையோடு என்னிடம் குடிவந்துவிட்டன. விதை மூட்டைகளில் அடிவரிசை முழுக்க ஓட்டை. நேற்று ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். விதை கொட்டி அவர் ஷூவுக்குள் போனது. "அடுத்த தடவ வரும்போதும் இப்படியே இருந்தா, இந்தப் பொறுப்புக்கு வேற ஆளத்தாம்மா பாக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒற்றைக்காலில் நின்று ஷூவை உதறினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கொட்டிய விதையை அள்ளினேன்.

எங்களிடம் இருக்கிற ஒரே எலிப்பிடி அதிகாரி, கூரைக்கு அடியில் பரணில் குடியிருக்கிற ஆந்தை. வெள்ளை முகம். பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதால் மூட்டை தூக்குகிறவர்கள் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போது முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. மேனேஜரின் வீட்டுக்காரர் வெளியே போய் இரை கொண்டுவருகிறார். காலையில் அந்த மூலையில் மயிரும் எலும்புமாகச் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும், தின்ற எலியில் செரிக்காததைக் கக்கியது. நான்தான் பெருக்குவேன். குடும்பமே நன்றாக உழைக்கிறது, ஆனால் வந்திருக்கிற கூட்டத்துக்கு ஒரு குடும்பம் எந்த மூலைக்கு?

நீ இருப்பது எலி மருந்துக் கம்பெனிதானே. ஒரு வழி சொல்.

அக்கா

*

பிப்ரவரி 12

என் அக்காவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்வேன், நான் சூப்பர். அம்மாவை மாடிப்படி ஏற வேண்டாமென்று சொல். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ என்னிடம் உதவி என்று கேட்பது இதுதான் முதல் தடவை, தெரியுமா? கடிகாரக் கடை, இன்சூரன்ஸ், ஜெராக்ஸ் கடை என்று நான் தாவிக்கொண்டிருந்த காலமெல்லாம் நீதான் எனக்குச் செய்துகொண்டிருந்தாய். உறவுக்காரர்கள் நடுவில் என் பேச்சு வந்தால் நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய். எனக்குத் தெரியும்.

பார்சலில் வருவது எங்கள் சரக்கிலேயே உசத்தியானது. பச்சைக் கட்டிகள். சுவரோரம் எலி ஓடுகிற வழியில் பெட்டிக்குள் வை. தின்றதும் சாகாது, அதுதான் இதன் சாமர்த்தியம். உடனே செத்தால் மற்ற எலிகள் உஷாராகிவிடும். சில நாள் கழித்து உடம்புக்குள் ரத்தம் உறையாமல் போய், தானாக முடிந்துவிடும். ஒரு வாரம் பொறுமையாக இரு.

எனக்கும் இங்கே கழுத்தில் கத்திதான். எங்கள் விற்பனைப் பெரியவர் "இந்த சீசன்லயும் சரக்கு ஓடலன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். உன் கிடங்காவது என் பெயரைக் காப்பாற்றட்டும்.

மேனேஜருக்கு என் வணக்கத்தைச் சொல். நம் வீட்டில் நீயாவது மேனேஜரோடு பழகுகிறாயே.

தம்பி

*

மார்ச் 2

தம்பிக்கு,

நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். எனக்கு லேசாகச் சளி, மற்றபடி சுகம்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி, "உங்க தம்பி இனிப்புக் கட்டி அனுப்பிட்டாரு போலக்கா, நல்லா தின்னு கொழுக்குதுங்க" என்று கிண்டலடித்தார். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! பட்டப்பகலில் எலிகள் நடுக்கூடத்துக்கு வந்து நிற்கின்றன. ஆள் வந்தால் ஓடுவதில்லை. ஒன்று தள்ளாடித் தள்ளாடி வந்து எடை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மேனேஜர் வீட்டில்தான் கொண்டாட்டம். குஞ்சு பொரித்துவிட்டது. குக்கரில் ஆவி போவதுபோல் மேலே ஓயாத சீறல். முன்பெல்லாம் இருட்டிய பிறகு வெளியே போய் அலைந்து பிடித்து வருவார்கள். இப்போது அந்தச் சிரமமே இல்லை. தள்ளாடுகிறதைக் காய்கறிக் கடையில் பொறுக்குவதுபோல் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். "மேனேஜருக்கு உக்காந்த எடத்துலயே சாப்பாடு" என்கிறார் மேஸ்திரி. குஞ்சுகள் பறக்கிற நாளைப் பார்க்க வேண்டுமென்று நாங்களெல்லாம் காத்திருக்கிறோம். நான் வேறு எதற்கும் இப்படிக் காத்திருந்து நாளாகிறது.

மேலதிகாரி வந்து போனார். ஷூ சுத்தமாகத் திரும்பியது. வேலை தப்பித்தது.

அம்மா தெருவெல்லாம் "என் பையன் மருந்துக் கம்பெனியில பெரிய ஆளு" என்று சொல்லிவைத்திருக்கிறாள். என்ன மருந்து என்று சொல்லவில்லை, நானும் திருத்தவில்லை. பக்கத்து வீட்டம்மா சர்க்கரைக்கு உன்னிடம் மாத்திரை கேட்கப்போகிறாள், ஜாக்கிரதை.

அன்புடன்
அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

சளிக்கு வெந்நீர் குடி. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். விற்பனைப் பெரியவரிடம் படித்தே காட்டினேன். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்.

ஒரு உபகாரம் செய். கிடங்கின் பெயர் போட்ட தாளில், முத்திரையோடு, இரண்டு வரி எழுதி அனுப்பு. மருந்து நன்றாக வேலை செய்தது, ஒரு குறையும் இல்லை என்று. அரசாங்கக் கிடங்குப் பொறுப்பாளர் சொன்னால் யாரும் மறு பேச்சுப் பேச மாட்டார்கள்.

எலிகள் தள்ளாடுவதாக எழுதியிருந்தாய். செத்ததை உடனுக்குடன் எடுத்து ஆழமாகப் புதைத்துவிடு. தள்ளாடுகிறதையும் முடிந்தவரை அப்புறப்படுத்து. சுத்தத்துக்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

மேனேஜருக்கும் குஞ்சுகளுக்கும் வணக்கம்.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

சுகம். அம்மாவும் அப்படியே. பதில் தாமதமாகிவிட்டது, கொஞ்சம் வேலை.

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. 'எங்கள் கிடங்கில் இப்போது எலி இல்லை. மருந்தில் ஒரு குறையும் காணவில்லை' என்று எழுதியிருக்கிறேன். எழுதிக் கிழித்து எழுதியதில் கொஞ்சம் தாள் வீணாயிற்று. முத்திரை சற்றுக் கோணலாக விழுந்திருக்கிறது, பொருட்படுத்தாதே.

இங்கே கிடங்கு அமைதியாக இருக்கிறது. மூலையைப் பெருக்குகிற வேலையும் இப்போது இல்லை.

அம்மா உன் பேச்சாகவே இருக்கிறாள். நீ ஓரிடத்தில் நிலைத்துவிட்டாய் என்று அவளுக்கு அவ்வளவு நிம்மதி. இந்த மருந்தை இன்னும் நிறைய இடங்களுக்குக் கொடுக்கப்போகிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

வணக்கம். உன் கை ராசியான கை! என்னை வட்டாரப் பொறுப்பாளராக ஆக்கிவிட்டார்கள். மேஜை, நாற்காலி, மேஜையில் என் பெயர்ப் பலகை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல், சந்தோஷத்தில் படியேறிவிடப் போகிறாள்.

எல்லாம் உன் கடிதத்தால்தான். நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். உன் ஊரைச் சுற்றியே எத்தனை இடம் தெரியுமா! உன் கிடங்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழத்தோட்டம், மாவு மில், கோழிப் பண்ணைகள், ஆற்றோரத்து வயல்காரர்கள். "அந்தம்மாவே சொல்லிட்டாங்கன்னா சரிதான்" என்று வாங்கிக்கொண்டார்கள். ஊரில் உனக்கு அப்படி மரியாதை.

பழத்தோட்டம்வரை வந்தும் வீட்டுக்கு வர முடியவில்லை. கம்பெனி வண்டி காத்திருந்தது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன், இறுக்கிக் கட்ட வேண்டாம்.

வேறென்ன? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

தம்பி

*

ஜூலை 15

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்தபிறகு அதை நீ நம்பாமல் போகலாம்.

எலிகள் திரும்ப வந்துவிட்டன. முன்பைவிட அதிகம். புதிதாக எங்கிருந்தோ வருகின்றன, தடுக்க மேலே யாரும் இல்லை.

மேனேஜர் மார்ச் மாதமே போய்விட்டது. முதலில் வீட்டுக்காரரைக் காணவில்லை. அப்புறம் ஒரு காலையில் நான் கதவைத் திறந்தபோது எடை மேடைக்குப் பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தது. தரையில். ஆந்தை தரையில் நின்று நான் பார்த்ததில்லை. அலகோரம் ரத்தம். கிட்டே போனேன், பறக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டியது, அந்த எலிகள் தள்ளாடியதுபோலவே. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மேஸ்திரி ஏணி போட்டுப் பரணில் ஏறினார். இறங்கி வந்து, "மேல சத்தமே இல்லக்கா" என்று மட்டும் சொன்னார். குஞ்சுகளுக்கு இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. நாங்களே புதைத்தோம். அன்றைக்கு யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் நீ கேட்ட சான்றை எழுதினேன். ஒரு குறையும் காணவில்லை என்று, இந்தக் கையால். நீ வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து நிற்கிறாய், ஒரு ஆந்தையைச் சொல்லி உன்னைக் குனியவைக்க வேண்டாமென்று நினைத்தேன். ஒரு கிடங்கில் நடந்தது, இத்தோடு போகட்டும் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

இத்தோடு போகவில்லை. போன வாரம் பழத்தோட்டத்துக் காவல்காரரைப் பார்த்தேன். "இந்த வருசம் ஒரு ஆந்த கூட கூவலம்மா. சாயங்காலமானா காது அடச்ச மாதிரி இருக்கு" என்றார். மில்லிலும் அப்படித்தானாம், ஆற்றோரத்திலும் அப்படித்தானாம். எல்லா இடத்துக்கும் என் கடிதம் போயிருக்கிறது. முத்திரையோடு.

இன்னும் ஒன்று. மேனேஜருக்கு வணக்கம் சொல் என்று எழுதுகிறவன், ஏப்ரலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அக்கா

*

ஜூலை 24

அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலனும் அவ்வாறே இருக்க வேண்டும்.

ஆந்தைகள் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. வெயில், மரங்களை வெட்டுவது, மின்கம்பி. புதர்க்காட்டை நானா மொட்டையடித்தேன்? எல்லாப் பழியையும் எங்கள் மருந்தின்மேல் போட முடியாது. எலி மறுபடியும் வந்திருந்தால், இதைவிட வீரியமான சரக்கு வந்திருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

என்கீழ் இப்போது நாலைந்து பையன்கள் வேலை செய்கிறார்கள். எனக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள், அவளால்தான் வந்தேன் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு ஆந்தை பெரிதா, நான் பெரிதா?

தம்பி

*

ஜூலை 29

தம்பிக்கு,

அவர்களுக்கு, தங்கள் என்றெல்லாம் எழுதினால் நான் பயந்துவிடுவேனா? உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான்.

நீதான் பெரிது. அதனால்தான் இவ்வளவும் ஆயிற்று.

நான் கொடுத்த சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் அனுப்பப்போகிறேன். மருந்தால் எங்கள் கிடங்கில் ஆந்தைக் குடும்பம் செத்தது, அதை மறைத்துச் சான்று கொடுத்தேன், வைத்திருக்கிற கட்டிகளை எடுத்துவிடுங்கள் என்று. மேலதிகாரிக்கும் ஒன்று. என் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. உன் வேலைக்கு என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். உன்னிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்பதால் முதலில் உனக்கு எழுதுகிறேன். பத்து நாள் பொறுக்கிறேன், அப்புறம் தபாலில் போடுவேன்.

புதிய சரக்கை அனுப்பாதே. சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 10

அக்கா,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. சூப்பர் இல்லை.

உன் கடிதங்களை அனுப்பாமல் என்னிடமே கொடு, நான் நேரில் கொண்டுபோகிறேன் என்று அந்தப் பத்து நாளுக்குள் போனில் இரண்டே வார்த்தை பேசினேன், நீயும் ஏன் என்று கேட்காமல் கட்டாக அனுப்பிவைத்தாய். நீ ஜூலையில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியிலேயே சொன்னார்கள், மருந்து தின்ற எலியைத் தின்கிறதும் சாகும் என்று. கேள்வி கேட்கிற வாடிக்கையாளரிடம் மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார்கள். நீ ஆயிரம் கேள்வி கேட்கிறவள்தான், ஆனால் என்னிடம் கேட்கவில்லை, தம்பி என்று நம்பிவிட்டாய். மேனேஜர் எலிகளைப் பொறுக்குகிறது என்று நீ சிரித்து எழுதிய வரியிலேயே நின்றுவிட்டேன். சுத்தத்துக்காகப் புதை என்று எழுதினேன். அதற்குமேல் எழுதத் துணிவில்லை.

ஏப்ரல் கடிதத்தில் மேனேஜர் இல்லை. படித்ததுமே புரிந்துவிட்டது. அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லவேளை, அக்கா எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் நிறுத்தியாக வேண்டும். நீ எழுதாதது எனக்கு வசதியாக இருந்தது, நான் கேட்காமல் விட்டேன். வண்டி காத்திருந்தது என்று சொன்னதும் பொய். பழத்தோட்டத்து வேலியோரம் நின்றால் உன் கிடங்குக் கூரை தெரிகிறது. அங்கே வரை வந்தவனால் உன் முகத்தில் விழிக்க முடியவில்லை.

ஆகஸ்டில் மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். காவல்காரர் மரப்பொந்துக்குக் கீழே செத்துக் கிடந்த ஆந்தை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கனமே இல்லை, அக்கா. முகம் அவ்வளவு பெரிதாக இருப்பதால் ஏமாந்துபோகிறோம். கையில் ஒரு கைக்குட்டை இருப்பதுபோல்தான் இருந்தது. நான் அழுதேன். அவர் என்னைப் பார்க்காததுபோல் அந்தப் பக்கம் போய் எதையோ செய்துகொண்டிருந்தார்.

பிறகு உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போனேன். மில்காரர் படித்துவிட்டு, "மருந்து விக்க வந்தப்பவும் அக்கா கடுதாசி, வேணாம்னு சொல்ல வந்தப்பவும் அக்கா கடுதாசி. ஒனக்குன்னு சொந்தமா ஒரு வார்த்த கெடையாதாப்பா?" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அத்தனை பேர் நடுவில், எனக்குத் தெரிந்தேதான் விற்றேன் என்று சொன்னேன். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் போன இடங்களில் உன் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நானே சொன்னேன். தோட்டக்காரரும் வயல்காரர்களும் கட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் நாய்ச் சங்கிலியை அவிழ்க்கப் போனார். அங்கே மருந்து இன்னும் இருக்கிறது.

கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். பெயர்ப் பலகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தம்பி

*

செப்டம்பர் 16

தம்பிக்கு,

அம்மாவிடம் நானே சொன்னேன். என்ன மருந்து என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவன் வரானா?" என்று மட்டும் கேட்டாள். நான் சுகம். அவள் முழங்காலில் நீ அனுப்பிய பட்டையை இறுக்கித்தான் கட்டிக்கொள்கிறாள்.

மேலதிகாரி என்னை ஒரு மணி நேரம் நிற்கவைத்துத் திட்டினார். பொய்ச் சான்று கொடுத்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை இப்போதைக்கு இருக்கிறது, வருஷக் கடைசிவரை தவணை. அதற்குள் மருந்து இல்லாமல் எலியை அடக்கிக் காட்ட வேண்டும். சுவரடி ஓட்டைகளுக்குத் தகரம் அடிக்க வேண்டும், மூட்டைகளைச் சுவரைவிட்டுத் தள்ளிப் பலகைமேல் ஏற்ற வேண்டும், கதவிடுக்கை அடைக்க வேண்டும். மேஸ்திரி ஆள் கேட்கிறார். உனக்கு மூட்டை தூக்கி ஒரு நாளும் பழக்கமில்லை என்று சொன்னேன். "பழகிக்கிட்டா போச்சு" என்கிறார்.

நீ எழுதியதைப் படித்துக் கோபம்தான் முதலில் வந்தது. பாதியில் மடித்து வைத்துவிட்டு, வீட்டைப் பெருக்கிவிட்டு வந்து மீதியைப் படித்தேன். உன்னைச் சொல்லி என்ன? உன்னைக் காப்பாற்ற நான் சொல்லவில்லை, உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீ கேட்கவில்லை. நாம் இருவரும் பிழைத்துக்கொண்டோம், அவைதான் செத்துப்போயின. உன்னைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. தபாலில் அடங்காது, நேரில் வாங்கிக்கொள்.

கோழிப் பண்ணைக்கு இருவருமாகப் போவோம். நாய் இருந்தால் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் சாயங்காலம் பழத்தோட்டத்து வேலியோரம் போய் நிற்கிறேன். காவல்காரரும் வந்து நிற்பார். இருட்டுகிறவரை நின்று பார்க்கிறோம். இந்த வருஷம் வராது, அடுத்த வருஷமும் சந்தேகம்தான் என்கிறார் அவர். இதுவரை ஒரு சத்தமும் இல்லை. அது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, தம்பி. நீயே வந்து பக்கத்தில் நின்று கேள்.

அக்கா